690 என்ற எண்ணின் பொருள்: குளுகோரில் ஒரு நீச்சல் குளத்தைத் தானியங்கியாக்கிய அனுபவம்

பிப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை காலையில், நீரின் கிருமிகொல்லும் வலிமையை மின்னழுத்தமாகக் காட்டும், புதிதாகப் பொருத்திய ஓ.ஆர்.பி. மின்முனை 585 மில்லிவோல்ட் காட்டியது. அதே குழாயிலிருந்து அதே நேரத்தில் பிடித்த நீரை, குளோரினுக்கேற்ப நிறம் மாறும் டி.பி.டி. மருந்தால் சோதித்தபோது, லிட்டருக்கு 3 மில்லிகிராம் கட்டற்ற குளோரின் இருந்தது. அவ்வளவு குளோரின் உள்ள நீர் 700 மில்லிவோல்ட்டையாவது நெருங்க வேண்டும் என்பதே அதுவரை நான் அறிந்திருந்தது. இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்று எண்ணி, முதலில் மின்முனையையே ஐயுற்றேன். கழற்றி 475 மில்லிவோல்ட் சரிபார்ப்புத் திரவத்தில் நிறுத்தினேன், 472 காட்டியது. சோதனைப் பொருளும் அந்த வாரம்தான் வாங்கியது. ஆக இரண்டும் சரியாகவே இருந்தன. அந்த முரணை ஆராயாமல் அன்றே, குளோரினைத் தானாக ஊற்றும் டோசிங் பம்பை இணைத்திருந்தால், குளோரின் எத்தனை மடங்கு ஏறினாலும் போதவில்லை என்றே கருவி கணக்கிட்டு, தொட்டி காலியாகும்வரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கும்.

பினாங்கு குளுகோரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஐந்தாவது தளத்தில் இக்குளம் இருக்கிறது. நீளம் 16 மீட்டர், அகலம் 4.8 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர். குளத்தில் 92 கனமீட்டர், கீழே உள்ள சமநிலைத் தொட்டியில் ஏறத்தாழ 8 கனமீட்டர், மொத்தம் 100 கனமீட்டர் நீர். இந்த முழு எண் கணக்குக்குப் பெரிய உதவி: 10 சதவீதத் திரவக் குளோரின் ஒரு லிட்டர் ஊற்றினால் நீரில் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயரும். வடிகட்டிப் பம்ப் மணிக்கு 25 கனமீட்டர் நீரைச் சுற்றுகிறது. முழு நீரும் ஒருமுறை வடிகட்டியைக் கடக்க நான்கு மணி நேரம் ஆகும்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அளவைக் கருவிகளைப் பராமரிப்பவன். குளத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும், நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் பணியாளர் டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் விடுப்பில் சென்றிருந்தபோது, நீரைச் சோதிக்க ஆளில்லாமல் போய், குளித்த பிள்ளைகள் பலருக்குக் கண் சிவந்தது. அதன் பிறகுதான், சோதனையையும் மருந்திடுதலையும் ஒரு கருவியிடம் ஒப்படைக்கலாமா என்று குடியிருப்பு நிர்வாகக் குழு என்னிடம் கேட்டது. செய்யலாம் என்று சொன்னேன். எட்டு மாதம் பிடிக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

மாத்திரை விட்டுச் சென்றது

குளத்துக்கு அதுவரை ஒரே மருந்து டிரைகுளோர் மாத்திரை. 200 கிராம் மாத்திரைகள் நாளொன்றுக்கு இரண்டு. சோதனைக்கு இருந்தது, மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. திரவம். அது மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். கிருமியைக் கொல்லும் கட்டற்ற குளோரினையும், வியர்வை முதலிய கழிவுகளோடு சேர்ந்து வலுவிழந்த இணைந்த குளோரினையும் பிரித்துக் காட்டாது. ஆகவே முதல் வேலையாக டி.பி.டி. சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் வந்த எண்கள் (பி.எச். தவிர மற்றவை லிட்டருக்கு மில்லிகிராமில்): கட்டற்ற குளோரின் 3.0, மொத்தக் குளோரின் 3.6, அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். 6.9, காரத்தன்மை 70, கால்சியம் கடினத்தன்மை 30.

மாத்திரையோடு நீரில் சேரும் சயனூரிக் அமிலத்தை அளக்கும் முறை பழமையானது. மருந்து கலந்தால் கலங்கும் நீரைக் குழாயில் மெல்ல ஊற்றி, அடியில் உள்ள கரும்புள்ளி எந்த உயரத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். குழாயின் அளவுகோல் 100 வரைதான். எங்கள் நீரில் புள்ளி அதற்கும் முன்பே மறைந்துவிட்டது. பாதிக்குப் பாதி குழாய் நீர் கலந்து மீண்டும் பார்த்தேன். 90. அப்படியானால் உண்மை அளவு 180. வெயில்படும் குளத்துக்கு 30 முதல் 50 வரை போதும்.

கணக்குப் போட்டதும் வழி தெரிந்தது. டிரைகுளோர் நீருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு 10 பங்கு குளோரினுக்கும் 6 பங்கு சயனூரிக் அமிலத்தை உடன் விட்டுச் செல்கிறது. குளோரின் வெயிலிலும் அழுக்கிலும் அன்றே செலவாகிவிடும். சயனூரிக் அமிலமோ ஆவியாவதும் இல்லை, வடிகட்டியில் நிற்பதும் இல்லை. எங்கள் குளத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் வீதம் அது ஏறிக்கொண்டிருந்தது. வடிகட்டியைக் கழுவ நீரை எதிர்த்திசையில் செலுத்தி பேக்வாஷ் செய்யும்போதும் மழையில் குளம் வழியும்போதும் வெளியேறும் நீரோடு போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

சயனூரிக் அமிலம் அளவோடு இருந்தால் நன்மையே. நம் நாட்டு நண்பகல் வெயிலில் அது இல்லாத நீரின் குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அது குளோரினைப் பிடித்துவைத்துக் காக்கிறது. பிடித்துவைத்த குளோரின் வேலை செய்யாது என்பதுதான் மறுபக்கம். 180 அளவில், டி.பி.டி. காட்டும் 3 மில்லிகிராமில் நூற்றில் 95 பங்குக்கும் மேல் அந்தப் பிடியில் இருக்கிறது. டி.பி.டி. மருந்து அந்தப் பிடியை விடுவித்து முழுவதையும் எண்ணிவிடும்; மின்முனையோ அந்தக் கணத்தில் நீரில் தனித்து நிற்கும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை மட்டுமே உணரும். 585-க்கும் 3-க்கும் இருந்த முரண் இதுதான். டி.பி.டி. கணக்கில் உள்ள மொத்த இருப்பைச் சொன்னது. மின்முனை கைக்கு வரும் பணத்தைச் சொன்னது.

காரத்தன்மையிலும் இதே மறைப்பு இருந்தது. சோதனை காட்டிய 70-இல் ஏறத்தாழ 40 சயனூரிக் அமிலத்தின் உப்பிலிருந்து வந்தது, பி.எச். அளவைத் தாங்கிப்பிடிக்கும் உண்மையான கார்பனேட் காரத்தன்மை 30 மட்டுமே. மாத்திரை அமிலத்தன்மை உடையது என்பதால் பி.எச். தாழ்ந்தே இருந்ததும், ஓடுகளுக்கு இடையிலான சிமெண்டுப் பூச்சு விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்ததும் இதனால்தான்.

அண்ணனிடம் இதை விளக்கியபோது அவர் நீரைக் காட்டி, "தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அடியில விழுந்த காசு தெரியுது. இதைப் போய் இறைச்சுக் கொட்டணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நீர் தெளிந்திருப்பது வடிகட்டியின் வேலை, கிருமி இல்லாமலிருப்பது குளோரினின் வேலை, முதலாவதை வைத்து இரண்டாவதை மதிப்பிட முடியாது என்றேன். மின்முனையைக் குழாய் நீர் நிறைந்த வாளியில் வைத்து, ஒரு சொட்டுத் திரவக் குளோரின் விட்டு, எண் எப்படி ஏறுகிறது என்று காட்டினேன். பிறகு குளத்து நீரில் வைத்து அதே அளவு விட்டேன், எண் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகு, வடிகால் வால்வைத் திறக்க அவரே முன்வந்தார்.

நீரை மாற்றிய வாரம்

180-ஐ 45-க்குக் கொண்டுவர, பாதி நீரை இருமுறை மாற்ற வேண்டும். குளத்தை ஒரேயடியாகக் காலி செய்யவில்லை. தரையில் தோண்டிய குளமாக இருந்தால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் வெற்றுக் குளத்தையே மேலே தூக்கிவிடும். எங்களுடையது மாடிக்குளம் என்பதால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் வெயிலில் காய்ந்த ஓடுகள் பெயர்ந்து வரும். வடிகால் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது என்பதால், குளோரின் இடுவதை நிறுத்தி, டி.பி.டி. சோதனையில் நிறமே வராத நாள்வரை காத்திருந்த பிறகே திறந்தோம். குளத்தை ஆறு நாள்கள் மூடிவைத்தோம்.

பினாங்குக் குழாய் நீரின் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையம் வழியாக வருவது, மென்மையான நீர். சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் நல்லது. சிமெண்டுக்கோ அது பசித்த நீர். கால்சியம் கிடைக்காத இடத்தில் ஓட்டுப் பூச்சிலிருந்து எடுத்துக்கொள்ளும். காரத்தன்மையை 35-இலிருந்து 80-க்கு உயர்த்த ஏழரைக் கிலோ சோடியம் பைகார்பனேட்டும், கடினத்தன்மையை 30-இலிருந்து 180-க்கு உயர்த்த 22 கிலோ கால்சியம் குளோரைடும் தேவைப்பட்டன. இரண்டையும் ஒரே நாளில் இட்டால் நீர் பாலாகிவிடும் என்பதால், இடையில் ஒரு நாள் விட்டோம். கால்சியம் குளோரைடு கரையும்போது வாளி கை வைக்க முடியாத அளவு சூடாகிறது. நீரில்தான் அதைச் சிறிது சிறிதாக இட வேண்டும்.

மாற்றிய நீரில் பி.எச். 7.4, கட்டற்ற குளோரின் 2.5. மின்முனை 692 காட்டியது. கருவியை இணைக்கும் தகுதி அன்றுதான் நீருக்கு வந்தது.

மின்முனைகளும் இரைச்சலும்

மாதிரி நீரை வடிகட்டிக்குப் பின்னும், மருந்து சேரும் இடத்துக்கு முன்னும் எடுக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பி.வி.சி. குழாய்த் துண்டில் ஒரு சிறு கலம் செய்து, அதில் பி.எச். மின்முனை, ஓ.ஆர்.பி. மின்முனை, வெப்ப உணரி, நீரோட்ட உணரி ஆகிய நான்கையும் பொருத்தினேன். கலத்தில் மணிக்கு 40 லிட்டர் அளவில் நீர் ஓடுமாறு வால்வை வைத்தேன். ஓட்டம் குறைந்தால் ஓ.ஆர்.பி. எண் தாழ்கிறது, கூடினால் குமிழ்கள் கண்ணாடி முனையில் ஒட்டி பி.எச். எண் குதிக்கிறது. கலத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத சட்டம் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் கிடைத்தது.

மூளையாக இ.எஸ்.பி.32 பலகையும், மின்னழுத்தத்தை எண்ணாக்க ஏ.டி.எஸ்.1115 சில்லும் எடுத்துக்கொண்டேன். இ.எஸ்.பி.32-இன் சொந்த அளவி இந்த வேலைக்குத் துல்லியம் போதாதது. மேசையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குளத்தில் பொருத்திய அன்று, வடிகட்டிப் பம்ப் ஓடத் தொடங்கியதும் பி.எச். 7.4-இலிருந்து 7.8-க்குத் தாவியது, பம்பை நிறுத்தினால் திரும்பியது. நீர் மாறவில்லை, மின்சாரம்தான் மாறியது. இரண்டு மின்முனைகளும் ஒரே நீரில் நின்று, அவற்றின் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் இரண்டு பெருக்கிப் பலகைகளும் ஒரே மின்வழங்கியைப் பகிர்ந்துகொண்டதால், பம்பிலிருந்து நீர் வழியாகக் கசியும் நுண்மின்னோட்டம் ஒன்றன் வழியே மற்றொன்றுக்குள் போய்வந்தது. ஒவ்வொரு பெருக்கிக்கும் தனித்தனியே மின்பிரிப்பு மாற்றி வைத்து, கலத்துக்குள் ஒரு துருப்பிடிக்காத கம்பியை நுழைத்து அதை நிலக்கம்பியோடு இணைத்த பிறகு, தாவல் 0.02-க்குள் அடங்கியது. தொழிற்சாலையில் இதே கோளாற்றைப் பலமுறை பார்த்திருந்தும், இங்கே இரண்டு மாலைகளை மென்பொருளில் பிழை தேடிச் செலவிட்டேன்.

பி.எச். மின்முனையை 7.00, 4.01 ஆகிய இரண்டு தாங்கல் கரைசல்களில் சரிபார்த்தேன். 7-இல் 6 மில்லிவோல்ட்டும் 4.01-இல் 175 மில்லிவோல்ட்டும் வந்தன. ஒரு பி.எச். அலகுக்கு 56.5 மில்லிவோல்ட், 30 பாகை செல்சியஸில் குறையற்ற மின்முனை 60.15 கொடுக்க வேண்டும். அதாவது 94 சதவீதம். 85-க்குக் கீழே போனால் மாற்றுவது என்று முடிவு செய்து, மாதந்தோறும் இந்தச் சதவீதத்தைக் குறித்துவருகிறேன். கழற்றிவைக்கும் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கக் கூடாது. உள்ளிருக்கும் உப்பு வெளியேறிவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

கைச்சோதனையில் நிறத்தைப் படிப்பது ஆளுக்கு ஆள், வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறியது. ஆகவே ஒரு பச்சை எல்.இ.டி.யையும் ஒளி உணரியையும் எதிரெதிரே வைத்துச் சிறிய நிறமானி ஒன்றும் செய்தேன். டி.பி.டி. மருந்தையும் கருவியே இடும்படி ஊசிப்பம்ப் வைக்கும் எண்ணம் இருந்தது. பம்ப் அறையின் வெப்பத்தில் திரவ மருந்து மூன்று வாரங்களில் தானாகவே இளஞ்சிவப்பாக மாறியதால் அதைக் கைவிட்டேன். இப்போது மருந்தை நாம் இடுகிறோம், நிறத்தைக் கருவி படிக்கிறது.

இரண்டு தொட்டிகள்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான பகுதி இதுதான். திரவக் குளோரினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நேரடியாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். சுற்றோட்டப் பம்ப் நின்றுபோன நேரத்தில் இரண்டு மருந்துப் பம்புகளும் தொடர்ந்து ஓடினால், அசையாத குழாய் நீருக்குள் இரண்டும் சந்தித்துக்கொள்ளும்; பிறகு பம்ப் ஓடத் தொடங்கும்போது அந்த வாயு, பிள்ளைகள் பிடித்து நிற்கும் நீர்வரத்துத் துளைகள் வழியாக வெளியேறும். பல நாடுகளில் குளிப்பவர்கள் மருத்துவமனைக்குப் போகும்படியான விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. ஆகவே மருந்துப் பம்புகளின் மின்சாரத்தை மென்பொருளின் பொறுப்பில் மட்டும் விடவில்லை. வடிகட்டிப் பம்புக்கு மின்சாரம் தரும் கான்டாக்டர் சுவிட்ச் மூடியிருக்க (பம்ப் ஓட) வேண்டும், மாதிரிக் கலத்தில் நீர் ஓட வேண்டும். இரண்டும் ஒருசேர நடந்தால்தான் கம்பியில் மின்சாரமே வரும். பலகை செயலிழந்தாலும், நான் எழுதிய நிரலில் பிழை இருந்தாலும் இந்தப் பூட்டு மாறாது. அதற்கும் மேலாக, இரண்டு பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடாதபடியும், ஒன்று நின்று பத்து நிமிடம் கழித்தே மற்றது தொடங்கும்படியும் வைத்தேன். மருந்து சேரும் இரண்டு துளைகளுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி இருக்கிறது. மொத்தப் பெட்டிக்கும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் இ.எல்.சி.பி. இருக்கிறது.

தொட்டிகளைத் தனித்தனித் தட்டங்களில், நடுவே சுவர் வைத்து நிறுத்தினோம். குளோரின் குழாய்க்கு மஞ்சள், அமிலக் குழாய்க்குச் சிவப்பு; இணைப்பு வாய்களின் அளவும் வேறு. ஒன்றை மற்றதில் மாட்ட முயன்றாலும் மாட்ட முடியாது. 32 சதவீத அமிலத்தை ஏறத்தாழ 10 சதவீதமாக நீர்த்தே பயன்படுத்துகிறோம். அப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. பழைய மாத்திரைகளின் மிச்சத்தை வேறு அறைக்கு மாற்றினோம். டிரைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் ஒரே கரண்டியில் பட்டால்கூடத் தீப்பிடிக்கக்கூடியவை என்பதால், அறைக்கதவில் அண்ணன் தம் கையெழுத்தில் எச்சரிக்கை எழுதி ஒட்டினார்.

மின்பெட்டியை முதலில் மருந்து அறைக்குள்ளேயே மாட்டியது என் தவறு. மூன்று வாரத்தில் செம்புக் கம்பிகள் பச்சை பூத்தன. ஒரு ரிலேயின் கால் முறிந்தது. மூடிய அமிலத் தொட்டியிலிருந்தும் ஆவி கசியும். பெட்டியை வெளிச்சுவருக்கு மாற்றி, கம்பி நுழையும் துளைகளை அடைத்தேன்.

திரவக் குளோரினும் வெப்பத்தில் வலுவிழக்கும். 12 சதவீதம் என்று வாங்கியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரு மில்லிலிட்டரை 20 லிட்டர் நீரில் கலந்து டி.பி.டி. சோதனை செய்து, குழாய் நீரில் ஏற்கெனவே இருந்த குளோரினைக் கழித்து, மீதியை இரண்டால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். புதிதாக வந்தபோது 5.9, அதாவது 11.8 சதவீதம். நான்கு வாரம் கழித்து 4.9. ஆகவே பெரிய பீப்பாய் வாங்குவதை விட்டு, இரண்டு வாரத்துக்குப் போதுமான சிறு கலன்களாக வாங்குகிறோம்.

720 வேண்டாம் என்று முடிவு செய்த இரவு

உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட நீச்சல் குளங்களுக்கான வழிகாட்டி, வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையில் 720 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருப்பது நீரின் நல்ல நிலையைக் காட்டும் என்கிறது. அதையே இலக்காக வைத்து, இலக்கிலிருந்து விலகும் அளவுக்கேற்ப மருந்திடும் நிரலை ஏப்ரலில் ஒரு மாலை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மணிக்கு 3 லிட்டர் தள்ளும் பம்ப் இரண்டு மணி நேரத்துக்குமேல் நிற்காமல் ஓடியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்குச் சோதித்தால், கட்டற்ற குளோரின் 7-ஐ நெருங்கியிருந்தது. மின்முனையோ அப்போதும் 712-இல்தான் நின்றது. மறுநாள் பிற்பகல் வெயில் அதைக் குறைக்கும்வரை குளத்தை மூடிவைத்தோம்.

இதில் இரண்டு காரணங்கள் கலந்திருந்தன. ஊற்றிய மருந்து குளம் முழுதும் பரவி, வழிந்து, சமநிலைத் தொட்டிக்கு வந்து, வடிகட்டியைக் கடந்து மின்முனையை அடையும்வரை கருவிக்கு எதுவும் தெரியாது. தெரியாத அந்த நேரமெல்லாம் அது ஊற்றிக்கொண்டே இருந்தது. மற்றொன்று, ஓ.ஆர்.பி. குளோரினுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. எங்கள் நீரில் குளோரின் 2-இலிருந்து 4-ஆக இரட்டித்தபோது எண் 15 மில்லிவோல்ட்தான் உயர்ந்தது. சயனூரிக் அமிலம் 45 உள்ள நீரில் 720-ஐ எட்டுவதென்றால், யாரும் குளிக்க முடியாத அளவு குளோரின் வேண்டும்.

நிரலை மாற்றினேன். அரை மணி நேரம் ஒரு சுற்று. அதில் பம்ப் அதிகம் போனால் நான்கு நிமிடம் மட்டுமே ஓடும். ஒரு சுற்றுக்கு 200 மில்லிலிட்டர், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் உயர்வு. நாளொன்றுக்கு 5 லிட்டருக்குமேல் எந்தக் காரணத்துக்காகவும் போகாது. எட்டினால் நின்று என் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். பி.எச். ஒழுங்காக இல்லாதவரை குளோரின் கணக்கையே தொடங்காது, ஏனெனில் பி.எச். 7.5-இல் தனித்த குளோரினில் பாதியளவு ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருப்பது, 8-இல் கால்பங்காகக் குறைந்துவிடும், அந்தக் குறைவைக் குளோரின் பற்றாக்குறை என்று மின்முனை சொல்லிவிடும். மின்தடைக்குப் பிறகு நீர் ஓடத் தொடங்கினாலும் பதினைந்து நிமிடம் மருந்து போகாது. தேங்கிய நீரில் நின்ற மின்முனை சிறிது நேரம் தாழ்வாகவே காட்டும்.

பிறகு இரண்டு வாரம் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கைச்சோதனை செய்து, எண்களை மின்முனையோடு ஒப்பிட்டோம். பி.எச். 7.4-இல், 690 மில்லிவோல்ட் என்றால் கட்டற்ற குளோரின் 2.4-ஐ ஒட்டி இருந்தது. 690-ஐ இலக்காக வைத்தோம். மே முதல் ஆகஸ்ட் வரை நாளொன்றுக்குச் சராசரியாக 3 லிட்டர் குளோரினும் முக்கால் லிட்டர் அமிலமும் செலவாயின. குளோரின் 2.1-க்குக் கீழும் போகவில்லை, 2.8-க்கு மேலும் போகவில்லை.

மழை மாற்றிய பொருள்

செப்டம்பரில் பினாங்கில் மழை வலுக்கும். பாலத்துக்கு அப்பால் பட்டர்வொர்த் பக்கம் வானம் கறுத்தால், அரை மணியில் குளம் விளிம்பு தாண்டி வழியும். அக்டோபர் நடுவில் ஒரு காலை, அண்ணன் என்னை அழைத்து, "தம்பி, மிசின் 690-னுதான் காட்டுது. ஆனா என் சோதனையில நிறம் வெளுத்து வருது" என்றார். நிறமானியில் படித்தேன்: 1.4. கருவியில் கோளாறு இல்லை, மின்முனை சுத்தமாக இருந்தது, பி.எச். 7.4. சயனூரிக் அமிலத்தைப் பார்த்தபோது 28-க்கு இறங்கியிருந்தது. ஆறு வாரம் வழிந்தோடிய மழைநீர் அதைக் கொண்டுபோயிருந்தது.

பிடி தளர்ந்ததால், குறைந்த குளோரினிலேயே மின்முனை தனக்குத் தேவையான 690-ஐப் பெற்றுவிட்டது. அந்தக் கணத்துக் கிருமிநாசினி வலிமை என்ற அளவில் அது தவறும் இல்லை. ஆனால் நீரில் இருப்பு குறைந்துபோய்விட்டது. பத்துப் பிள்ளைகள் ஒன்றாகக் குதித்தால் 1.4 எவ்வளவு நேரம் தாங்கும்? வெயில் அடித்த இரண்டு நாள்களில், பிற்பகல் மூன்று மணிக்குக் குளோரின் 0.8-க்கு விழுந்ததும், பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் முழு நான்கு நிமிடம் ஓடியும் எட்டிப்பிடிக்க முடியாமல் தவித்ததும் பதிவில் தெளிவாகத் தெரிந்தன. ஒன்றரைக் கிலோ சயனூரிக் அமிலத்தைத் துணிப்பையில் கட்டி நீர்வரத்துத் துளையின் முன் தொங்கவிட்டோம். அது முழுதும் கரைய நான்கு நாள் ஆயிற்று. 690-க்கு 2.4 என்ற பழைய உறவு திரும்பியது.

பிப்ரவரியில் கண்ட முரணே தலைகீழாக வந்திருந்தது என்பதை நான் அன்று வீட்டுக்குத் திரும்பிய பிறகே உணர்ந்தேன். 690 என்ற எண்ணைக் கருவி தவறாமல் காத்தது. அந்த எண்ணுக்கு நாங்கள் ஏப்ரலில் கொடுத்த பொருள் அக்டோபரில் செல்லாமல் போயிருந்தது. அதனால் இப்போது மின்முனைக்கும் கைச்சோதனைக்கும் இடையிலான உறவையே ஒரு வரைபடமாக வைத்திருக்கிறேன். நாள்தோறும் காலையில் அண்ணன் கைச்சோதனை எண்ணைக் கைப்பேசியில் பதிவார். 690-க்கு உரிய குளோரின் 2.4-இலிருந்து 0.5-க்குமேல் விலகினால், சயனூரிக் அமிலத்தைச் சோதிக்கும்படி கருவி கேட்கும். பெரிய மழைக்குப் பிறகு கேட்காமலேயே சோதிக்கிறோம்.

தீபாவளியன்று வேறொரு சோதனை வந்தது. அதிகாலை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள், வந்திருந்த உறவினர் பிள்ளைகளோடு பிற்பகலில் குளத்தில் இறங்கினார்கள். மாலையில் ஓட்டு விளிம்பைச் சுற்றி எண்ணெய்ப் படலம் தெரிந்தது. இணைந்த குளோரின் 0.9. இரவு கருவியைக் கைமுறைக்கு மாற்றி, 9 லிட்டர் குளோரினைக் குளத்தின் நான்கு பக்கமும் பிரித்து ஊற்றினோம். அவ்வளவு குளோரின் உள்ள நீரில் பி.எச். சோதனை மருந்து ஊதா நிறம் காட்டும், அது பி.எச். உயர்வன்று, மருந்தையே குளோரின் மாற்றிவிடுவது. அதை நம்பி அமிலம் சேர்க்க வேண்டாம் என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். மூன்றாம் நாள் இணைந்த குளோரின் 0.2-க்கு வந்தது. மின்முனையின் பிளாட்டின முனையில் எண்ணெய் படிந்து எண்கள் மந்தமாகியிருந்தன. பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி, நீர்த்த அமிலத்தில் ஒரு நிமிடம் நனைத்து, கழுவிப் பொருத்தினோம்.

நவம்பர் கடைசியில் பி.எச். மின்முனை 89 சதவீதத்தில் இருக்கிறது. குளோரின் பம்பின் ரப்பர்க் குழாய் இறுகி, நான்கு நிமிடத்தில் 200 மில்லிலிட்டருக்குப் பதில் 165 மில்லிலிட்டரே தள்ளியது. அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்ததால் தெரிந்தது. புதுக் குழாய் மாட்டியாயிற்று. தொட்டிகளின் அடியில் எடைமானி வைத்து, நாள்தோறும் உண்மையில் எவ்வளவு மருந்து போகிறது என்பதை நிரல் நினைக்கும் அளவோடு ஒப்பிடும் வேலை பாதியில் நிற்கிறது. எடைமானியின் கம்பிகளை அமில ஆவியிலிருந்து காக்கும் உறை வந்து சேர்ந்ததும், டிசம்பர் விடுமுறை தொடங்கும் முன் அதை முடித்துவிட வேண்டும்.